ஓடைக்கு எத்தனை பெயர்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ஓடைக்கு 'அர்ரோயோ' என்று பாடத்தில் வந்தது. கொலம்பியா பற்றிய கட்டுரையில் 'கெப்ராதா' என்கிறார்கள், சிலி பற்றிய செய்தியில் 'எஸ்தேரோ'. எதை மனப்பாடம் செய்வது?

பதில்: எல்லாவற்றையும்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அது புழங்கும் நாட்டோடு சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் குழப்பம் தீரவே தீராது. ஸ்பெயினில் அர்ரோயோ என்றால் சின்ன ஓடை, அவ்வளவுதான். வட மெக்சிகோவின் வறண்ட நிலத்துக்குப் போனால், மழை பெய்யும்போது மட்டும் தண்ணீர் வந்து மற்ற நாளெல்லாம் மணலாகக் கிடக்கும் பள்ளத்துக்கும் அதே பெயர். கொலம்பியாவின் பார்ரான்கீயா நகரத்தில் இன்னும் விசேஷம்: அங்கே கனமழைக்குத் தெருவிலேயே திரண்டு, காரைக்கூட இழுத்துக்கொண்டு ஓடும் வெள்ளம்தான் அர்ரோயோ. அந்த ஊர்க்காரர் ஒருவர் 'அர்ரோயோ வருகிறது' என்றால், ஓடையைப் பார்க்கலாம் என்று நீங்கள் கிளம்பிவிடக் கூடாது!

கெப்ராதாவுக்கு வேர், உடைதல் என்ற பொருள் தரும் 'கெப்ரார்'. மலை உடைந்ததுபோல் இருக்கும் இடுக்குக்கு முதலில் அந்தப் பெயர். கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் அதில் இறங்கி வரும் ஓடைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அர்ஜென்டினாவில் 2003-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கெப்ராதா தெ ஊமவாக்கா ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. எஸ்தேரோ சிலியில் ஓடை, ஆனால் ஈக்வடாரின் குவாயாகில் நகரத்து எஸ்தேரோ சலாதோ கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி.

கேள்வி: 'கவுஸே', 'கவுதால்' இரண்டும் எனக்கு எப்போதும் மாறிப்போகிறது. ஒரு வழி சொல்லுங்களேன்.

பதில்: ஸ்பெயினின் வலென்சியா நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாறாது. 1957 அக்டோபரில் தூரியா ஆறு கரை உடைத்து ஊரையே மூழ்கடித்தது. அதன் பிறகு ஆற்றை ஊருக்குத் தெற்கே திருப்பி விட்டார்கள், பழைய வழித்தடம் இன்று நகரத்தின் நடுவே நீளமான பூங்காவாக இருக்கிறது. பழைய பாலங்கள் அப்படியே நிற்க, அவற்றின் அடியில் மரங்களும் புல்வெளியும், ஓடிப் பழகுகிறவர்களும் சைக்கிள்காரர்களும். அங்கே ஆற்றின் படுகை இருக்கிறது, அது கவுஸே. ஓடும் நீரின் அளவுதான் கவுதால், அது அங்கே இல்லை. கவுதாலுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

வலென்சியாவுக்கு வந்துவிட்டதால் 'அஸேக்யா'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசன வாய்க்கால், அரபியிலிருந்து வந்த சொல். அங்கே வியாழன்தோறும் நண்பகலில் தேவாலய வாசலில், கறுப்பு மேலங்கி போட்ட விவசாயப் பிரதிநிதிகள் அமர்ந்து தண்ணீர்த் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரிப்பார்கள். சேவகர் ஒருவர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார், புகார் இல்லையென்றால் அடுத்த பெயர்.

கேள்வி: வினைச்சொற்கள்?

பதில்: மூன்று போதும், தொடக்கத்துக்கு. ஆறு தோன்றுவதற்கு 'நஸேர்', அதாவது பிறப்பது. ஓடுவதற்கு 'கொர்ரேர்', மனிதன் ஓடுவதற்கும் அதே சொல். கடலில் சேர்வதற்கு 'தெஸெம்போகார்', உள்ளே 'போகா' இருக்கிறது பாருங்கள், வாய் என்று பொருள். தாஹோ ஆறு அல்பர்ராஸின் மலையில் பிறந்து லிஸ்பன் அருகே அட்லாண்டிக்கில் சேர்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், இரண்டு சொல் அதிலேயே பழகிவிடும்.

கேள்வி: தண்ணீர் பெண்பால் என்கிறார்கள், பிறகு ஏன் ஆண்பாலுக்கு வரும் 'எல்' போட்டு 'எல் அக்வா'?

பதில்: பெண்பால்தான். அழுத்தமான 'அ' ஒலியில் தொடங்குவதால் ஒருமையில் மட்டும், பெயருக்கு நேர் முன்னால், பெண்பாலுக்கு உரிய 'லா' என்பது 'எல்' ஆகிறது. பெயரடை பெண்பாலிலேயே நிற்கும்: எல் அக்வா ஃப்ரீயா, அதாவது குளிர்ந்த தண்ணீர். பன்மையில் லாஸ் அக்வாஸ். நிறையத் தண்ணீர் என்றால் 'மூச்சா அக்வா', ஆண்பாலான 'மூச்சோ' போட்டுவிடாதீர்கள்.