பத்து நாள் மாத்திரை போட்டும் ஏறவில்லையே?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஹீமோகுளோபின் 8.9, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. பத்து நாளாக இரும்பு மாத்திரை போட்டும் 9.2தான் வந்திருக்கிறது. டாக்டரோ, "ரெட்டிகுலோசைட் ஹீமோகுளோபின் 21லிருந்து 27 ஆகியிருக்கிறது, பயப்படாதீர்கள்" என்கிறார். அது என்ன கணக்கு? இரும்பு குறைந்தால் இளம் அணுக்கள் அதிகமாக இழுத்துக்கொள்ளாதா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: டாக்டர் பார்த்த எண்தான் சரி. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். முதிர்ந்த அணுவால் இரும்பை வாங்கவே முடியாது. இரும்பில்லாமல் பிறந்தது கடைசிவரை அப்படியேதான் ஓடும். மாத்திரையின் பலன் முதலில் தெரிவது, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக இறங்கி ஓரிரு நாளில் முதிரும் ரெட்டிகுலோசைட்டில். அந்த இளம் அணு ஒன்றில் பொதுவாக 28 பைக்கோகிராமுக்கு மேல் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும்.

இளம் அணு இழுக்கத்தான் பார்க்கும், ஆனால் கிடைக்காது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். ஒன்றில் இரண்டு இரும்பு அயனிக்கு இடம். அணுவின் மேலுள்ள ரிசப்டர் அதைப் பிடித்து உள்ளே இழுத்து, அமிலம் நிறைந்த சிறு பையில் இரும்பைக் கழற்றிக்கொண்டு, காலியானதை வெளியே விட்டுவிடும். இரும்பு குறைந்தால் அணு ரிசப்டர்களைக் கூட்டும். ஆனால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது அதன் இடங்களில் இரும்பு நிரம்பிய பங்கு, 16 சதவீதத்துக்குக் கீழே போனால், வருவதில் பெரும்பாலானவை காலியாகவோ ஒற்றை அயனியோடோதான் வரும். முதுநகர் மீன் துறையில் கூடையோடு கூட்டம் நிற்க, படகு வெறுமனே கரையேறுகிற கதைதான். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் குறைந்ததும், அதன் புரதப் பகுதியான குளோபினின் தயாரிப்பையும் அணு குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் அணுக்கள் சின்னதாக, நடு வெளிறித் தெரிகின்றன.

ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு கொய்யாத் துண்டு நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. சீக்கிரம் ஏறட்டும் என்று இரட்டிப்பாகப் போட வேண்டாம்: இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி அடுத்த வேளை இரும்பைக் குடல் சரியாக உறிஞ்சாது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

பலர் ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதம் தேவை. ஃபெரிட்டின் 6 வரை இறங்கியது ஏன் என்றும் கேட்க வேண்டும்; இந்த வயதில் முதலில் பார்க்க வேண்டியது மாதவிடாய் உதிரப்போக்கை.