இயற்கைக்கு எத்தனை தசமதானம் வேண்டும்?

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். சமன்பாடுகள் எல்லாம் மெய்யெண்களில், அதாவது தசமதானம் முடிவில்லாமல் நீளக்கூடிய எண்களில், இருப்பதால் இயற்கையும் முடிவில்லாத தசமதானம் வரை துல்லியமாகத்தான் இயங்குகிறது என்கிறார் டியூஷன் சேர். உண்மையா? (வாசகி, அட்டன்)

பதில்: முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. மெய்யெண் இருந்தால் வகையீடும் தொகையீடும் நமக்குச் சுலபம், அவ்வளவுதான். இயற்கையில் அது இருக்கிறதா என்று அளந்துதான் சொல்ல வேண்டும், ஆனால் மனிதர் மிக நுணுக்கமாக அளந்தவற்றுள் ஒன்றான இலத்திரனின் காந்தத் திருப்பம்கூட (அது எவ்வளவு பலமான குட்டிக் காந்தம் என்பதைச் சொல்லும் அளவு), 2023இல் வந்த முடிவின்படி, ஏறக்குறைய 13 இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. தோட்டத்து மடுவத்தில் நிறுக்கிற தேயிலைக் கொழுந்தையே பாருங்கள். எவ்வளவு நல்ல தராசு வைத்தாலும், நிறுக்கும்போதே இலையின் ஈரம் போய்க்கொண்டிருக்கும், 20ஆவது தசமதானத்தைக் கேட்க அங்கே நிலையான ஓர் எடையே கிடையாது.

சேரிடம் பலமான வாதம் ஒன்று உண்டு. 1961இல் அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினி வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்டியபோது 0.506127க்குப் பதிலாக, அச்சில் வந்திருந்த 0.506ஐக் கொடுத்தார், முதலில் கொஞ்சக் காலம் பழையதோடு ஒத்துப்போன வானிலை அப்புறம் முற்றிலும் வேறாகிப்போனது. அப்படியானால் இன்று கண்ணுக்கே படாத ஓர் இலக்கம் பிறகு நுவரெலியாவில் மழையா வெயிலா என்று தீர்மானிக்கலாம், ஆகவே எல்லா இலக்கமும் தேவை என்பார் சேர். ஆனால் இதே இடத்திலிருந்துதான் சுவிஸ் பௌதிகவியலாளர் நிக்கொலா ஜிசின் நேர் எதிர்ப்பக்கம் போகிறார்: முடிவில்லாத இலக்கம் என்றால் முடிவில்லாத தகவல், அது ஒரு சிறிய இடத்துக்குள் அடங்காது, எனவே தொலைவிலுள்ள இலக்கங்கள் இப்போது இல்லவே இல்லை, காலம் போகப் போகத்தான் உருவாகின்றன, நாளைய மழை இன்றே முடிவாகிவிடவில்லை. எனக்கு இவர் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் இது நிரூபணம் அல்ல, இன்று அளக்கக்கூடிய எதிலும் இரண்டு பார்வைக்கும் விடை ஒன்றே.

இலக்கங்கள் முடிவில்லாமல் போகாது என்பதற்காக, பொருள்கள் எல்லாம் இருக்கும் இந்த வெளி என்பது சதுரக்கோட்டுக் கொப்பி மாதிரி கட்டம் கட்டமாக இருக்கிறது என்றும் முடிவுகட்ட வேண்டாம். அப்படிச் சொன்ன சில மாதிரிகளின்படி சக்தி கூடிய ஒளி பிந்தி வந்திருக்க வேண்டும். 700 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் நடந்து 2009இல் பதிவான காமாக் கதிர் (மிகச் சக்தி கூடிய ஒளி) வெடிப்பில் அந்தத் தாமதம் தென்படவில்லை.

சேரிடம் இதைக் கேளுங்கள்: 100ஆவது இலக்கம் உள்ள உலகத்தையும் இல்லாத உலகத்தையும் எந்தப் பரிசோதனை பிரித்துக் காட்டும்? அவர் ஒன்றைச் சொன்னால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறோம்.