கம்போட் போகிறீர்களா? மாதம் பார்த்துக் கிளம்புங்கள்

கம்போடியாவின் தென்கரையில், ஆற்றோரம் இருக்கும் சின்ன ஊர் கம்போட். 1950களில் சிஹானூக்வில் துறைமுகம் வரும்வரை நாட்டின் முக்கியத் துறைமுகம் இதுதான். இப்போது சந்தடி இல்லை. வந்த கேள்விகளில் சில:

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

எதைப் பார்க்க ஆசை என்று முதலில் முடிவு செய்யுங்கள். உப்பளம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மழை விழுந்தால் பாத்தி கரைந்து வேலை நின்றுவிடும். மிளகுப் பறிப்பும் பிப்ரவரியிலிருந்து மே வரை. அருவிக்கு மழைக்காலம்தான், போகோர் மலையின் போபோக்வில் அருவி கோடையில் வெறும் பாறை. உப்பளமும் அருவியும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

கேள்வி: போகோர் மலைக்கு ஸ்கூட்டரில் ஏறலாமா?

ஏறலாம். ஆபத்து இறங்கும்போதுதான். அடிவாரத்திலிருந்து 32 கி.மீ., உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கியர் வண்டி கேளுங்கள். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். கீழே இருப்பதைவிட 6, 7 டிகிரி குளிர் கூடும், மெல்லிய ஜாக்கெட் அவசியம். காலை 7 மணிக்குள் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மூடுபனி இறங்கினால் 1925இல் பிரெஞ்சுக்காரர்கள் திறந்த பழைய ஹோட்டல்கூடத் தெரியாது. வாடகைக் கடையில் அசல் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்பார்கள். பணமாக முன்பணம் கொடுங்கள், நகல் கொடுங்கள், அசல் வேண்டாம்.

கேள்வி: கம்போட் மிளகை எப்படிப் பார்த்து வாங்குவது?

2010இல் கம்போடியாவிலும் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றது. பொட்டலத்தில் அந்த முத்திரை இல்லையென்றால் கம்போட் மிளகு என்று நம்பி விலை கொடுக்காதீர்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை நான்கும் ஒரே கொடிதான். பழுக்கும் முன் பறித்துக் காயவைத்தால் கறுப்பு. கொடியிலேயே பழுத்தது சிவப்பு. பழத்தை ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெள்ளை. சிவப்பு மிளகில் ஒன்றிரண்டை விரலால் நசுக்கி முகருங்கள்: காரத்துக்கு முன்னால் பழ இனிப்பு வரவேண்டும். பொடியாக வாங்கவே வேண்டாம், வாசம் நிற்காது. பச்சை மிளகு சரத்தோடு அழகாக இருக்கும். ஆனால் சீக்கிரம் கறுத்துவிடும். ஊருக்குக் கொண்டுவர உப்பு நீரில் போட்டதே சரி.

கேள்வி: கெப் நண்டுச் சந்தைக்குப் போவது பயனுள்ளதா?

கெப் பக்கத்துக் கடலோர ஊர். கம்போட்டிலிருந்து சுமார் 25 கி.மீ., அரை நாள் போதும். பெண்கள் கடலுக்குள் இறங்கி, மூங்கில் கூடைகளில் உயிரோடு விட்டுவைத்த நண்டை இழுத்துக் காட்டுவார்கள். எடை போடுமுன் கூடையின் தண்ணீர் வடியட்டும். அங்கேயே பச்சை மிளகோடு வதக்கித் தருவார்கள், அதற்குத் தனிக் கூலி. சைவர்கள் கவனம்: காய்கறி வதக்கலிலும் மீன் சாறு விடுவது வழக்கம், அதை விட வேண்டாமென்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பழைய கோயில் ஏதும் அருகில் உண்டா?

உண்டு. புனோம் ச்ங்நொக் குகை. 7ஆம் நூற்றாண்டுச் செங்கல் சிவன் கோயில், சுண்ணாம்புக் குகைக்குள். 203 படி ஏறி, பிறகு குகைக்குள் இறங்க வேண்டும். மேலே கூரையில் தொங்கும் சுண்ணாம்புக் கூம்பும் கீழே செங்கல்லும் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதை நின்று பாருங்கள். டார்ச் வேண்டும். மழையில் செம்மண் பாதை வழுக்கும்; அன்றைக்கு டுக்டுக் (வாடகை ஆட்டோ) நல்லது.

கேள்வி: பணமும் போக்குவரத்தும்?

சில்லறைக்குக் கம்போடிய நாணயமான ரியல், பெரிய செலவுக்கு அமெரிக்க டாலர். லேசாகக் கிழிந்த டாலர் நோட்டைக்கூட வாங்க மறுப்பார்கள், புது நோட்டாகப் பார்த்து எடுங்கள். தலைநகர் புனோம் பென்னிலிருந்து வேனில் ஏறக்குறைய 3 மணி நேரம். ரயிலும் உண்டு, மெதுவாகத்தான் போகும். நேர அட்டவணை மாறுவதால் முந்தின நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அரசின் இ-விசா தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.