மரம் வெட்டுவதைப் பற்றிப் புகார் கொடுத்தால் யார் விசாரிப்பது?

கேள்வி: கனடாவில் காட்டுத் தொழிலைக் கண்காணிக்க அரசாங்கத்தைச் சாராத ஒரு வாரியம் இருக்கிறதாமே. மலேசியாவில் அப்படி உண்டா? இங்கே புகார் கொடுத்து ஏதாவது பிரயோஜனம் இருக்கிறதா?

வாரியம் இல்லை. பிரயோஜனம் உண்டு, ஆனால் எதைக் கேட்டுப் புகார் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1995-இல் இருந்து இயங்கும் வாரியம். அங்கே நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் அரசு நிலம், மர நிறுவனங்கள் அதில்தான் வெட்டுகின்றன. வாரியம் நிறுவனங்களைத் தணிக்கை செய்யும், அரசாங்கம் தன் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துகிறதா என்றும் பார்க்கும், யார் புகார் கொடுத்தாலும் விசாரித்து அறிக்கையைப் பொதுவில் போட்டுவிடும். அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் கிடையாது. ‘அப்புறம் எதற்கு அது?’ என்று பலரும் கேட்பார்கள். எனக்கோ அந்த அறிக்கைதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே புகார் கொடுத்தவருக்குக் கடைசியில் கிடைக்காமல் போவது அதுதான்.

இங்கே அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். உரிமம் கொடுப்பது மாநிலம், அதற்கான கட்டணமும் ராயல்டியும் போவது மாநிலக் கஜானாவுக்கு, காட்டில் சோதனை போடுவதும் மாநில வன இலாகா. விற்பவரும் அவரே, தராசைப் பிடிப்பவரும் அவரே. வன இலாகா அதிகாரிகள் எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை, நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்லவராக இருந்தாலும் தன் மேலிடம் கையெழுத்துப் போட்ட உரிமத்தை அவர் எப்படிக் கேள்வி கேட்பார்?

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி. நம் குழாயில் வரும் தண்ணீருக்கு ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவில் இருந்து எடுக்கிறார்கள், அந்த ஆற்றின் மேல்பகுதி உலு மூடா காடு, அது கெடாவில் இருக்கிறது. அங்கே மரம் சரிந்தால் பாதிப்பு நமக்கு, ஆனால் நம் சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நின்றால் அவர் கெடா அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

என் சித்தி குடும்பம் கெடாவில் ஒரு ஆற்றோரத்தில் இருக்கிறது. மழை இல்லாத நாளிலும் ஆறு தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் ஓட ஆரம்பித்ததும் சித்தப்பா இணையத்தில் புகார் கொடுத்தார், நான்தான் மலாயில் எழுதிக் கொடுத்தேன். புகார் எண் உடனே வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்த பதிலில் இரண்டே வரி: குறிப்பிட்ட இடத்தில் உரிமம் பெற்ற பணியே நடக்கிறது, கோப்பு முடிக்கப்பட்டது. ஆறு ஏன் கலங்கியது என்று ஒரு சொல் இல்லை. நாங்கள் கேட்டதே அதைத்தான்!

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘திருட்டு வெட்டு’ என்று எழுதினால், உரிமம் இருக்கிறது என்ற ஒற்றைப் பதிலில் கதை முடிந்துவிடும். நிரந்தர வனக்காப்பகத்துக்குள்ளேயே காட்டை மொட்டையடித்து ஒரே இன மரங்களை நடும் ‘வனத் தோட்டம்’ கூட சட்டப்படி நடக்கலாம், கணக்கில் அது காடாகவே இருக்கும். அதனால் உரிமத்தின் நிபந்தனைகளைப் பற்றிக் கேளுங்கள்: ஆற்றோரத்தில் விட வேண்டிய இடைவெளி விட்டிருக்கிறார்களா, லோரிப் பாதை மண் ஓடையில் தள்ளப்பட்டிருக்கிறதா, எல்லை தாண்டி வெட்டியிருக்கிறார்களா. இதற்கெல்லாம் யாராவது நேரில் போய்ப் பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

என் மாமா ஒருவர் பேராக்கில் கெரிக் பக்கம் மரக்கட்டை லோரி ஓட்டியவர். கட்டையின் வெட்டுமுகத்தைப் பார், அதில் சுத்தியலால் அடித்த முத்திரை இருக்கும், லோரிக்காரன் கையில் மரம் ஏற்றிப் போகும் பாஸ் இருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பார். முத்திரை இல்லாத கட்டைக்கு நல்ல படம் ஒன்று இருந்தால் பத்துப் பக்கப் புகாரைவிட மேல். படத்தோடு தேதி, இருப்பிடக் குறியீடு இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்காக லோரியை விரட்டிக்கொண்டு போகாதீர்கள், ப்ளீஸ்.

ஒரே இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஆறு கலங்கினால் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும், லஞ்ச வாடை அடித்தால் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்முக்கும் போகட்டும். அந்த வனப்பகுதிக்கு எம்டிசிஎஸ் (மலேசிய மரச் சான்றிதழ்த் திட்டம்) சான்றிதழ் இருந்தால் அந்த வழியாகவும் புகார் கொடுக்கலாம். தீபகற்பத்தில் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் மாநில வன இலாகாவின் பெயரிலேயே இருப்பதால், வெளியாள் ஒருவர் வந்து இலாகாவைத் தணிக்கை செய்கிறார் என்ற அளவில் கனடா வாரியத்துக்கு இங்கே கொஞ்சமாவது நெருங்கி வருவது இதுதான். தணிக்கைக்குக் காசு கொடுப்பது தணிக்கை செய்யப்படுபவர் என்பது தனிக் கதை.

சட்டமே பொதுமக்களைக் கேட்கச் சொன்னால் நிலைமை மாறுகிறது. சிலாங்கூரில் வனக்காப்பகத்தை ரத்து செய்யும் முன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2020-இல் கோல லங்காட் உத்தாரா காட்டுக்கு அந்த அறிவிப்பு வந்தபோது 45,000-க்கும் அதிகமான ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் ஒரு பகுதியை ரத்து செய்தார்கள், பிறகு எதிர்ப்பு தாங்காமல் 2021-இல் முடிவை மாற்றினார்கள். ஆனால் அது காப்பகத்தை ரத்து செய்வதற்கான விதி. காப்பகமாகவே வைத்துக்கொண்டு உள்ளே வெட்டினால் அந்த விதிப்படி யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. படத்தை முதலில் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். உள்விஷயம் தெரிந்து புகார் கொடுப்பவரைக் காக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், அமலாக்கத் துறையிடம் சொன்னால்தான் பாதுகாப்பு தருகிறது. சரவாக்கில் ‘சேவ் ரிவர்ஸ்’ அமைப்பின் மேல் 2021-இல் ஒரு மர நிறுவனம் 50 லட்சம் ரிங்கிட் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது, 2023-இல் வாபஸ் வாங்கியது, நடுவில் இரண்டு வருடம் அவர்கள் அலைந்ததை யார் திருப்பிக் கொடுப்பது? எழுதத் தயக்கமாக இருந்தால் கிரீன் லேனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் படங்களோடு நேரில் போங்கள், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால், போகும்போது புகார் எண்ணை மறக்காமல் எடுத்துப் போங்கள்.