பாதியில் மூடிவைத்த புத்தகங்கள்

? 'பொன்னியின் செல்வன்' ஒரே தொகுதியாக வாங்கினேன். இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டது. இழுவை என்று சொன்னால் வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.
– வாசகர், கரூர்

சண்டைக்கு வர ஒன்றுமில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. போன வாரம் படித்ததை மறந்தவருக்காகக் கல்கி நடந்த கதையைத் திரும்பச் சொல்வார். அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சும் போடுவார். ஒரே மூச்சில் ஐம்பது அத்தியாயம் படித்தால் இரண்டுமே அலுப்புத் தட்டும். மொத்தம் 293 அத்தியாயங்கள். நாளைக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மாதத்தில் முடித்துவிடலாம். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடுத்த இரண்டு பாகங்களும் 46 அத்தியாயங்கள்தாம். கடைசிப் பாகத்தில் 91. அது நீளம்தான், கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

நந்தினியைக் கல்வெட்டில் தேடாதீர்கள், அவள் முழுக் கற்பனை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை நிஜம். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களைப் பெயர் சொல்லியே துரோகிகள் என்கிறது.

ஒரே தொகுதியில் முதுகுப் பசை விட்டு நடுத்தாள்கள் கழன்று வரும். ஐந்து தனிப் பாகங்களாக வாங்குவதே நல்லது. நாட்டுடைமையான நூல் என்பதால் பலரும் அச்சிடுகிறார்கள். ஐந்தாம் பாகத்தின் பொருளடக்கத்தில் 91 இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அட்டையின் மூலையில் 'சுருக்கம்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் வேண்டாம்.

? உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தொடக்கத்தில் ஊர், உறவு என்றே போகிறது. விட்டுவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

விடவே கூடாது. ஆனால் முதலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலேயே, 1880 அக்டோபர் 21 அன்று நடந்த சந்திப்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்கிறார். உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியாரிடம் ஒரு மலர்ச்சியும் இல்லை. பிறகு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். 1887இல் வந்த சிந்தாமணிப் பதிப்புக்கு விதை அந்தக் கேள்விதான். அதைப் படித்துவிட்டு, அவர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கும் பகுதிக்கு வாருங்கள், கடைசியாக ஊர்க்கதைக்கு. அப்போது அந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் தெரிந்த முகங்களாகிவிடும்.

122 அத்தியாயத்தோடு கதை சட்டென்று நிற்கும். தாள் விடுபடவில்லை, 1942இல் அவர் மறைந்ததால் நின்றுபோனது.

? ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருபது பக்கத்துக்கு மேல் நகரவில்லை.
– வாசகர், சிவகங்கை

மலாய்ச் சொல், வட்டிக்கடைப் பேச்சு, போர்ச்செய்தி எல்லாம் ஒரே பக்கத்தில் மோதும். நாயகன் பாண்டியன் சுமத்திராவின் மெடானில் நிற்கும்போதே அவன் மனம் முன்னறிவிப்பில்லாமல் மதுரைத் தெருவுக்குப் போய்விடும். தெரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காதீர்கள், பத்துப் பக்கம் போனால் தானே பிடிபடும். மெடான், பினாங்கு இரண்டையும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நண்பர்கள் தமிழ்ப் பெருமையைப் பற்றிக் குடித்தபடி வாதாடும் இடங்கள் முதல் வாசிப்பில் கனக்கும், மேலோட்டமாகக் கடந்துவிடுங்கள். தொங்கான் என்ற பாய்மரக் கப்பலைப் புயல் தூக்கி அடிக்கும் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அந்த உரைநடையின் வேகம் கண்ணைவிடக் காதுக்குத்தான் நன்றாக எட்டும்.

அப்படியும் முடியாவிட்டால் அவருடைய முந்தைய நாவல் 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது. அதே கடல், அதே வட்டிக்கடைகள், நேரான கதை, அளவிலும் சிறியது.

? அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' முழுக்கக் கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருக்கிறதே? ரஜாக்கர் கலவரம் எங்கே?
– வாசகர், ஓசூர்

ஐதராபாத் நிஜாமின் பக்கம் நின்ற ரஜாக்கர் படையின் கலவரம் ஓரத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. 1948 செகந்திராபாத்தில் சந்திரசேகரன் என்ற பையன் எவ்வளவு பார்த்தானோ அவ்வளவுதான் நமக்கும். கடைசிப் பக்கங்களைப் பேருந்தில் படிக்காதீர்கள்.