வாந்தி நின்றுவிட்டது, கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் பிள்ளை, இப்போது 19 வாரம். வாந்தி நின்று நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனால் அசைவு இன்னும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்காம் மாதமே தெரிந்ததாம். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதால் நிறுத்திவிட்டேன். கணவர் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார், நாள் சம்பளம். என்னோடு கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அடுத்த மாதம் போனால் போதாதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதாது, அம்மா.

வாய்க்கு ருசி திரும்பி, வயிறும் இன்னும் பாரமாகாத மாதங்கள் இவை. இந்தச் சுகத்தை நம்பித்தான் பலர் கிளினிக் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் முக்கியமான சோதனைகள் வருவதும் இப்போதுதான். குழந்தையின் முதுகெலும்பு, இதயம், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்கும் ஸ்கேனை 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அடுத்த மாதத்தில் உங்களுக்கு 23 வாரம் ஆகிவிடும்.

அதன்பின் 24 முதல் 28 வாரத்துக்குள் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் போய், இரத்தம் கொடுத்து, சீனித் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கர்ப்பத்தில் வரும் இனிப்பு நீர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. முடிந்ததும் பசியாற வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு முறையும் கணவர் கூட வரத் தேவையில்லை. ஸ்கேன் நாளுக்கு மட்டும் அவர் வரட்டும், மற்ற நாளில் அந்த அக்காவைத் துணைக்கு அழையுங்கள். போகிற வழியில், அவருக்கு அது எத்தனையாவது பிள்ளை என்றும் கேளுங்கள்! முதல் பிள்ளையின் அசைவு பலருக்கு 20 வாரத்தை ஒட்டித்தான் தெரியும். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் தாமதமாகும். தொடக்கத்தில் அது உதையாக இருக்காது, வயிற்றில் வாயு ஓடுவதாகத்தான் தோன்றும். 24 வாரமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் உடனே போய்க் காட்டுங்கள்.

மலம் கறுப்பது இரும்புச்சத்தால்தான், கெடுதல் இல்லை. மாத்திரையை இன்றே மறுபடியும் தொடங்குங்கள். தேநீர், காப்பியோடு மட்டும் விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. ஒரு துண்டு கொய்யாவோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலச்சிக்கல் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் தாதியிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை தரலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவரின் மருந்தடிக்கும் உடுப்பை இனி நீங்கள் தொட வேண்டாம். வீட்டுத் துணியோடு சேர்க்காமல் அவரே தனியாகத் துவைக்கட்டும். குளித்துவிட்டுத்தான் உங்கள் அருகே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

படுக்கையிலிருந்து எழும்போது இடுப்போரம் சுள்ளென்று இழுத்தால் பயப்படாதீர்கள், கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் நீள்வதால் வருவது அது. ஆனால் இரத்தக் கசிவு, பனிக்குட நீர் போவது, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 999-ஐ அழையுங்கள்.