ஐந்து மேலாளர்கள், ஒரே நாற்காலி

கேள்வி: ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கடையில் நான்கு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். அதற்குள் ஐந்து மேலாளர்கள் மாறிவிட்டார்கள். ஒருவர் அலமாரியை விலை வரிசையில் அடுக்கச் சொல்வார்; அடுத்தவர் வந்ததும் நிறுவன வாரியாக அடுக்கச் சொல்வார். முன்பிருந்தவர் வாயால் சொல்லிக் கொடுத்த விடுப்புக்கு இப்போது இருப்பவர் எழுத்து ஆதாரம் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் கடையின் நடைமுறையை நான்தான் சொல்லித் தருகிறேன். மூன்றே வாரத்தில் அவர்களுக்கு நான் வேண்டாதவளாகிவிடுகிறேன். எப்படித் தாக்குப்பிடிப்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். ஐந்து மேலாளர்களின் குணம், குரல், நடை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த ஐவரையும் வேலைக்கு வைத்த முதலாளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரே நாற்காலியிலிருந்து ஐந்து பேர் எழுந்து போயிருக்கிறார்கள் என்றால், ஐவரும் சரியில்லாதவர்கள் என்று நினைப்பதற்கு முன்பு அந்த நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது நல்லது. சிறிய கடைகளில் மேலாளர் காலையில் ஒன்று சொல்ல, மாலையில் வரும் முதலாளி அதை மாற்றிவிட்டுப் போவார். தெரிந்தவருக்குத் தாமே தள்ளுபடி கொடுப்பார், சரக்குக்காரரிடம் தாமே பேசிவிடுவார், மாதக் கடைசியில் லாபம் ஏன் குறைந்தது என்று மட்டும் மேலாளரைக் கேட்பார். அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் யாரும் ஓராண்டுக்கு மேல் நிற்கமாட்டார். ஐந்து பேரும் எந்த மாதத்தில், எதற்குப் பிறகு போனார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லோரும் இருப்புக் கணக்கெடுப்பு முடிந்த கையோடு போயிருந்தால், இப்போது இருக்கும் ஆறாவது ஆளும் போகப்போகிறார் என்று வைத்துக்கொண்டே உங்கள் வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். நல்ல மேலாளர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்ற காத்திருப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். "நான்தான் சொல்லித் தருகிறேன்" என்கிறீர்கள். எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்பதையும் இரண்டாம் பக்கத்தில் நீங்களே காட்டிவிட்டீர்கள்: வந்த முதல் நாளே அலமாரியின் முன்னால் நின்ற புதியவரிடம், "அப்படி வைத்தால் போகாது, முன்பிருந்தவரும் செய்து பார்த்துவிட்டார்" என்றிருக்கிறீர்கள். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மற்ற ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் காதில் விழுந்தது, "நீங்கள் வந்துபோகிறவர், நான் இருக்கிறவள்" என்பதுதான். தீர்ப்பை உங்களோடு வைத்துக்கொண்டு தகவலை மட்டும் கொடுங்கள். எந்தச் சரக்கு வாரத்தின் எந்த நாளில் நகர்கிறது, எந்தச் சரக்குக்காரர் சொன்ன நாளில் வரமாட்டார், எந்த ஷட்டர் பாதியில் சிக்கும் என்பவையெல்லாம் அவருக்கு உதவும். அவருக்கு முன்பிருந்தவரின் பெயரோ எதற்கும் உதவாது. அலமாரியை அவர் விருப்பப்படியே மாற்றட்டும். மாற்றுவதற்கு முன்பு கைபேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் வழக்கமான வாடிக்கையாளர்கள் பொருளைத் தேடித் தடுமாறுவார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு மாதம் கழித்து விற்ற எண்ணிக்கையோடு போய்ப் பேசினால் அவரே கேட்பார்.

இனி, கொஞ்சம் நின்று பேசவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகைக்கு வருவதற்கு முன்பு நானும் ஓர் எழுதுபொருள் கடையில் இரண்டு ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த மேலாளர் ஒரு வாடிக்கையாளருக்கு மாதக் கடனில் சரக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், கடன் நோட்டில் நானே எழுதினேன். அவர் போய்ப் புதியவர் வந்து நோட்டைப் புரட்டியபோது எல்லா வரியும் என் கையெழுத்தில் இருந்தது. அனுமதித்தவரின் சுருக்கொப்பம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தொகை மூன்று மாதங்களில் என் சம்பளத்திலிருந்து போயிற்று. இப்போதும் யாராவது "சும்மா எழுதிக்கொள்ளுங்கள்" என்றால் என் கை தானாகவே பேனாவை அவர்கள் பக்கம் நீட்டுகிறது.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, தம் ஊழியர்கள் பணத்தில் கைவைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில்தான் சகோதரருடன் சேர்ந்து கல்லா இயந்திரத்தை உருவாக்கி 1879இல் காப்புரிமை பெற்றார். முதலாளியின் சந்தேகத்தில் பிறந்த அந்தக் கருவியின் பதிவே, மேலாளர் மாறும் நாளில் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும். ஆனால் பதிவு உங்கள் பெயரில் சுத்தமாக இருந்தால்தான். உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு மேலாளர் பில்லை ரத்து செய்கிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவர் போன பிறகு ரத்தான பில்களுக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போகிறவரின் கடைசி நாளில் கல்லாவில் இருக்கும் பணத்தை, சில்லறை உட்பட, அவரையும் பொறுப்பேற்பவரையும் வைத்துக்கொண்டே எண்ணி, தொகையை எழுதி மூவரும் ஒப்பமிடுங்கள். புதியவர் இன்னும் வரவில்லை என்றால் முதலாளி ஒப்பமிடட்டும். வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிய பொருள்கள், திருப்பி அனுப்பக் காத்திருக்கும் சரக்கு, காலாவதி நெருங்கியவை ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துவிடலாம். அரைமணி நேர வேலைதான்.

விடுப்பும் அப்படித்தான். மேலாளர் வாயால் சொன்னதும், "நீங்கள் சொன்னபடி வரும் 14ஆம் தேதி எனக்கு விடுப்பு, நன்றி" என்று அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவர் தம் கைபேசியோடு போய்விட்டாலும் அது உங்கள் கைபேசியில் இருக்கும்.

கடையே கைமாறுவது வேறு விஷயம். புதிய முதலாளி புதிதாக ஒரு நியமனக் கடிதத்தை நீட்டினால் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பு சேர்ந்த தேதியைப் பாருங்கள். அதில் இந்த மாதத் தேதி இருந்தால் உங்கள் நான்கு ஆண்டுப் பணி ஒரு கையெழுத்தில் காகிதத்திலிருந்து காணாமற் போகும். பழைய பணிக்காலம் தொடர்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்; தயங்கினால் கையெழுத்திடாமல் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

அந்த நாற்காலியை உங்களுக்கே தந்தால் என்ன என்ற ஆசை கடிதத்தில் எங்கும் சொல்லப்படவில்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது. அதில் தவறொன்றும் இல்லை. கேட்பதானால், பணி நேரம் ஒதுக்குவது, தள்ளுபடி கொடுப்பது, சரக்குக்கு ஆர்டர் போடுவது ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்குமா என்று முதலாளியிடம் முதலிலேயே கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அந்த ஐவரும் ஏன் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். விற்பனையிலேயே இருந்துகொண்டு வெளியே வேறு வேலை தேடலாம்.

ஒன்று மட்டும் அவசரம். மூன்றாம் பக்கத்தின் அடியில், கடைச் சாவி இரண்டாவது மேலாளர் காலத்திலிருந்து உங்களிடமே இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். அவர்களில் யாரிடம் நகல் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. நாளைக் காலையில் முதலாளியிடம் போய், பூட்டை மாற்றச் சொல்லுங்கள். புதிய சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை அவர் கையெழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.